நாலாம் நம்பர் படம்

மார்ச் 4

அன்புள்ள வாலு,

மூன்று வருஷமாக என் நம்பரை பிளாக் செய்து வைத்திருக்கிறாய். வைத்துக்கொள். தபால்காரரை பிளாக் செய்ய முடியாது அல்லவா? அதனால்தான் இந்தக் கடிதம்.

உன் அண்ணன் இப்போது இந்தத் தெருவில் பெரிய ஆள். போலீஸ் பயிற்சிக் கல்லூரியில் பாடம் நடத்தும் நீ எத்தனை திருடர்களைப் பிடித்திருப்பாயோ தெரியாது. நான் ஒருவனைப் பிடித்துக் கொடுத்துவிட்டேன்!

கதையைக் கேள். நம் ஸ்டுடியோவுக்கு எதிர்க் கட்டடத்தில், கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு எந்நேரமும் குனிந்தே உட்கார்ந்திருப்பாரே, கடிகாரக்காரர், அவர் கடையில் ஒன்பது நாளைக்கு முன்னால் திருட்டு. மத்தியானம் மூன்று மணி. அவர் குனிந்திருந்த நேரம் பார்த்து எவனோ பின்னால் போய் மண்டையில் அடித்துவிட்டு, கண்ணாடி அலமாரியில் இருந்த நல்ல கடிகாரங்களை எல்லாம் பையில் வாரிக்கொண்டு ஓடியிருக்கிறான். நான் பாஸ்போர்ட் படங்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு வாசலுக்கு வந்தால், ஓடி வந்தவன் என் மேலேயே மோதினான். மூக்கோடு மூக்கு! நான் ஒரு பக்கம், கத்தரிக்கோல் ஒரு பக்கம். அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான், எழுந்தான், மூலை திரும்பி மறைந்துவிட்டான். எல்லாம் சேர்த்து மூன்று விநாடி.

மூன்று விநாடி எனக்குத் தாராளம். இருபத்திரண்டு வருஷமாக முகம் பார்ப்பதுதானே என் பிழைப்பு. ஒல்லி, முப்பது முப்பத்தைந்து வயது, தாடி மீசை இல்லை, பளிங்கு மாதிரி சுத்தமான முகம், ஒரு பொட்டு கறை கிடையாது. ஒல்லி, வயது, தாடி இல்லை என்பதை எல்லாம் அன்றைக்கே போலீஸில் சொன்னேன்.

நேற்று இன்ஸ்பெக்டரே ஸ்டுடியோவுக்கு வந்தார். "ஆளை கிட்டத்தட்ட அமுக்கிட்டோம் சார். நீங்க பார்த்துச் சொல்லிட்டா வேலை முடிஞ்சுது" என்று மேஜையில் ஆறு படங்களைப் பரப்பினார். என் விரல் தானாக நாலாவது படத்தில் போய் நின்றது. "இவன்தான்!" என்றேன். அவர் என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். "நாங்க நினைச்ச அதே ஆள் சார்! உங்க கண்ணு கண்ணே இல்ல, கேமரா!"

இன்று காலை கைது செய்துவிட்டார்களாம். லிஃப்ட் மெக்கானிக். திருட்டுக்கு முந்தின வாரம் அந்தக் கட்டடத்து லிஃப்டைப் பழுது பார்க்க வந்தவனாம். கடையை அப்போதே நோட்டம் விட்டிருப்பான். ஆளை நான் இன்னும் நேரில் பார்க்கவில்லை. மாலைப் பேப்பரில் என்னைப் பற்றி நாலு வரி வந்திருக்கிறது. லேமினேட் செய்து ஷோகேஸில் ஒட்டிவிட்டேன்.

"மூணு வருஷமா முகத்தைத் தூக்கி வச்சிருக்கீங்க, இதைச் சாக்கா வச்சாவது எழுதுங்க" என்று உன் அண்ணி விரட்டினாள். எழுதிவிட்டேன். ஆனால் அந்தப் பழைய விஷயத்தில் நான் கண்ணால் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று சொல்வேன் என்று மட்டும் எதிர்பார்க்காதே.

உன் அண்ணன்


மார்ச் 8

அண்ணா,

கடிதம் கிடைத்தது. கடிகாரக்காரர் எப்படி இருக்கிறார் என்று ஒரு வரிகூட நீ எழுதவில்லை. அதை முதலில் எழுது.

போனில் கூப்பிடலாம்தான். கோபம் ஒரு காரணம், அது இருக்கட்டும். இன்னொரு காரணம், நீ ஒரு வழக்கில் சாட்சி, நான் போலீஸ். நான் உனக்கு ஏதோ சொல்லிக்கொடுத்தேன் என்று நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது. அதனால் நமக்குள் பேச்செல்லாம் எழுத்திலேயே இருக்கட்டும். யார் கேட்டாலும் காட்டலாம். அந்த மெக்கானிக் திருடனா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஊகிக்கவும் மாட்டேன்.

ஆனால் உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். ஏன் என்று சொல்கிறேன்.

போன மாதம் வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது ஓர் ஆள் உள்ளே வந்து, என் கையிலிருந்த வருகைப் பதிவேட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டான். நானே ஏற்பாடு செய்த ஆள்தான். பதினெட்டுப் பேர் பார்த்தார்கள். எல்லோரும் நாளைக்கு வழக்குகளை விசாரிக்கப் போகிறவர்கள். மறுநாள் ஆறு படங்களைக் காட்டி, "யாருன்னு சொல்லுங்க" என்றேன். பன்னிரண்டு பேர் பளிச்சென்று விரல் வைத்தார்கள். அந்த ஆள் அந்த ஆறு படத்திலும் இல்லவே இல்லை! அதிலும் ஐந்து பேர் காட்டியது யாரை தெரியுமா? எங்கள் கேன்டீனில் தட்டு கழுவும் மனிதரை. தினமும் பார்க்கிற முகம். எங்கே பார்த்தோம் என்பது மறந்துபோய், பார்த்தோம் என்பது மட்டும் மனதில் நின்றுவிட்டது. அதில் ஒருவன், "நூறு சதவீதம் இவர்தான் மேடம்" என்று சத்தியம் செய்யாத குறை.

அடுத்த வகுப்பில் முறையை மாற்றினேன். யார் சந்தேக ஆள் என்று தெரியாத ஒருவரை விட்டு, படங்களை ஒவ்வொன்றாகக் காட்டச் சொன்னேன். "இதில் அவன் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். தெரியவில்லை என்பதும் பதில்தான்" என்று முதலிலேயே சொல்லச் சொன்னேன். விரல் வைத்தவர்கள் மூன்றே பேர். எனக்கு வகுப்பிலேயே குதிக்க வேண்டும் போல் இருந்தது.

உன் இன்ஸ்பெக்டருக்குத் தன் சந்தேகம் யார் மேல் என்று தெரியும். படம் காட்டியதும் அவரே. ஆளை அமுக்கிவிட்டோம் என்று முதலிலேயே சொல்லியும்விட்டார். எவ்வளவு உறுதியாகச் சொல்கிறாய் என்று உன்னைக் கேட்டு எழுதிக்கொண்ட பிறகு முதுகில் தட்டினாரா, தட்டிய பிறகு கேட்டாரா? அந்த ஆறு படங்களும் ஒன்றுபோல இருந்தனவா, நாலாவது மட்டும் தனியாகத் தெரிந்ததா? நீ படக்காரன், உனக்கு இதெல்லாம் நன்றாக ஞாபகம் இருக்கும். யாரிடமும் விசாரிக்காமல், ஞாபகம் இருப்பதை மட்டும் எழுது.

பழைய விஷயத்தை நீயே எடுத்தாய். மூன்று வருஷத்துக்கு முன்னால், ஸ்டுடியோவுக்கு மேலே, சொந்தக்காரர்கள் நிறைந்த உன் மாடிவீட்டில், "உன் புருஷன் பஸ் ஸ்டாண்டில் இன்னொருத்தி தோளில் கை போட்டுக்கொண்டு நின்றான்" என்றாய். நர்ஸ் வேலை பார்க்கிற அவருக்கு அன்றைக்கு ஆஸ்பத்திரியில் பகல் டூட்டி. நர்ஸ்களின் டூட்டி அட்டவணையைக் கொண்டுவந்து காட்டினேன். "அட்டவணையை யார் வேணா எழுதலாம், என் கண்ணு பொய் சொல்லாது" என்றாய். உன்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். நீ பதில் சொல்லவில்லை. கேள்வி என்ன என்று உனக்கு ஞாபகம் இருக்கும்.

தங்கை


மார்ச் 12

வாலு,

ஆரம்பித்துவிட்டாயா உன் விசாரணையை! அண்ணன் ஒரு திருடனைப் பிடித்தான் என்று நாலு பேரிடம் பெருமையாகச் சொல்வாய் என்று பார்த்தால், என்னையே கூண்டில் ஏற்றுகிறாய். உன் வகுப்பில் இருப்பதெல்லாம் பச்சைப் பிள்ளைகள். நான் அப்படியா? முகம்தான் எனக்குத் தொழில்.

கடிகாரக்காரர் வீட்டுக்கு வந்துவிட்டார். தலையில் ஏழு தையல். பின்னாலிருந்து அடித்ததால் அவர் யாரையும் பார்க்கவில்லையாம். ஆக, சாட்சி என்று பார்த்தால் நான் ஒருவன்தான். எவ்வளவு பெரிய பொறுப்பு பார்.

நீ கேட்டதற்குப் பதில். உறுதியைப் பற்றி எல்லாம் யாரும் எழுதிக்கொள்ளவில்லை. முதுகில் தட்டிவிட்டு, "நூத்துக்கு நூறுன்னு போட்டுக்கவா சார்?" என்றார். போட்டுக்கொள்ளுங்கள் என்றேன். தப்பா?

படங்களைப் பற்றிக் கேட்டாயே, அதைக் கேள்! மற்ற ஐந்தும் போலீஸ் ஸ்டேஷனில் எடுத்தவை. பின்னால் உயர அளவுக் கோடு, தலைக்கு நேர் மேலே ட்யூப் லைட், மூக்கு நிழல் வாய்வரை வழிகிறது. படமா அது, தண்டனை! நாலாம் நம்பர் மட்டும்தான் படம் மாதிரி இருந்தது. கம்பெனி ஐடி கார்டுக்காக எடுத்ததைக் கேட்டு வாங்கி, பெரிதாக்கிப் போட்டிருக்கிறார்கள். இளநீலப் பின்னணி, இரண்டு காதுக்கும் ஒரே அளவு வெளிச்சம். வெள்ளைக் குடைக்குள் விளக்கு வைத்து எடுப்போமே, கருவிழியில் அந்த இரண்டு குடை விளக்கின் புள்ளியும் அழகாக விழுந்திருந்தது. அதில் ஒரு புள்ளி மட்டும் ஓரம் கடித்த பிஸ்கட் மாதிரி கொஞ்சம் குறைந்திருந்தது. அதுகூட நன்றாகத்தான் இருந்தது. எடுத்தவன் யாரோ, தொழில் தெரிந்தவன். கையைக் கொடுக்கலாம்.

நேற்று இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். "இடது புருவத்துலேர்ந்து கன்னம் வரைக்கும் ஒரு தழும்பு இருக்குமே, கவனிச்சீங்கல்ல?" என்றார். ஆமாம், இப்போது கண்ணை மூடினால்கூடத் தெரிகிறது. மோதி விழுந்தவன் என்னைத் திரும்பிப் பார்த்தபோது அந்தத் தழும்புதான் முதலில் தெரிந்தது. மார்ச் 22 அன்று மாஜிஸ்திரேட் முன்னிலையில் அடையாள அணிவகுப்பாம். பத்துப் பேரை வரிசையில் நிறுத்துவார்களாம். நிறுத்தட்டும். தழும்பு ஒன்று போதாதா?

ஒன்று மட்டும் மனதைக் கொஞ்சம் உறுத்துகிறது. முந்தாநாள் ஒரு பெண் ஸ்டுடியோவுக்கு வந்தாள். சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள், அந்தச் சட்டையோடு அப்படியே வந்திருந்தாள். ஸ்டூலில் உட்காரச் சொன்னேன். "படம் எடுக்க வரலைங்க. நான் மெக்கானிக் சம்சாரம். நிஜமாவே அவரைத்தான் பார்த்தீங்களா?" என்றாள். "என் ரெண்டு கண்ணால பார்த்தேன்மா" என்றேன். அழவில்லை, சண்டை போடவில்லை. தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள். அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அண்ணன்


மார்ச் 15, அவசரத் தபால்

அண்ணா,

நின்றுகொண்டே எழுதுகிறேன். தபால் வண்டி கிளம்ப இருபது நிமிஷம்தான் இருக்கிறது.

மார்ச் 4 அன்று நீ எனக்கு எழுதியது: "பளிங்கு மாதிரி சுத்தமான முகம், ஒரு பொட்டு கறை கிடையாது." மார்ச் 12 அன்று எழுதியது: "அந்தத் தழும்புதான் முதலில் தெரிந்தது." இரண்டும் உன் கையெழுத்து. நடுவில் எட்டு நாள். தழும்பு எப்போது முளைத்தது அண்ணா? உன் முதல் கடிதத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துப் பார். மூலக் கடிதம் என் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.

இன்னொன்று. அது சந்தேகம் மட்டும்தான், தப்பாகவும் இருக்கலாம். அந்தச் சண்டை அன்றைக்கு நான் மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி, ஸ்டுடியோ வழியாக வெளியே போனேன். போகிற வேகத்தில் உன் இடது பக்கக் குடை விளக்கைத் தள்ளிவிட்டேன். குடையின் ஓரம் கிழிந்தது. நீ அதை மாற்றினாயா, இல்லை வழக்கம்போல டேப் ஒட்டி ஓட்டிக்கொண்டிருக்கிறாயா?

போய்க் குடையைப் பார். பிறகு, நாலாம் நம்பர் படத்தை எடுத்தது யார் என்று நீயே கண்டுபிடி. நான் சொல்ல மாட்டேன்.

என்ன கிடைத்தாலும் எதையும் அழிக்காதே. எதையும்.

வாலு


மார்ச் 17

அடியே வாலு!

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன் கடிதம் காலை பத்து மணிக்கு வந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, குடையைப் போய்ப் பார்த்தேன். டேப்தான். மூன்று வருஷமாக அதே டேப். பழகிய கண்ணுக்கு அது தெரிவதே இல்லை. விளக்கைப் போட்டு, உன் அண்ணியை ஸ்டூலில் உட்கார வைத்து ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினேன். அவள் கண்ணில் ஓரம் கடித்த பிஸ்கட்!

பழைய படங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். ஜனவரியில் இல்லை. டிசம்பரில் தேடினேன். உன் அண்ணி என் தோளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்து, "இது இல்ல, இது இல்ல, அடுத்தது" என்று ஏலம் போடுகிறாள். டிசம்பர் 11. லிஃப்ட் கம்பெனியிலிருந்து ஒரே நாளில் பதினொரு பேர், எல்லாம் ஐடி கார்டுப் படம். ஏழாவது ஆள்.

அவர்தான் வாலு. என் ஸ்டூலில், என் இளநீலத் துணிக்கு முன்னால், என்னைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்.

இதோடு முடிந்ததா? இல்லை. அந்தப் பெயரில் இரண்டு கோப்பு. ஒன்று எடுத்தது எடுத்தபடி. இன்னொன்று என் டச்சப்புக்குப் பிறகு. எடுத்தபடி இருப்பதில், இடது புருவத்திலிருந்து கன்னத்தின் பாதிவரை தழும்பு. குருடனுக்கும் தெரியும். டச்சப் செய்ததில் தழும்பே இல்லை. பளிங்கு!

நான்தான் துடைத்திருக்கிறேன். அவர் கேட்டிருக்கவும் மாட்டார். என் கை சும்மா இருக்குமா? என் ஸ்டூலில் உட்கார்ந்தவர் யாரும் அழகில்லாமல் வெளியே போகக்கூடாது என்பது என் திமிர். அந்த முகத்தை நாலு மடங்கு பெரிதாக்கி வைத்துக்கொண்டு பத்து நிமிஷம் இழைத்திருக்கிறேன். முகம் மறக்காதவன் என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தேனே, அந்த மனிதர் என் எதிரில் உட்கார்ந்ததுகூட எனக்கு ஞாபகம் இல்லை. முகம் மட்டும் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. உன் பிள்ளைகளுக்குத் தட்டு கழுவும் மனிதர், எனக்கு இவர்.

என் மேல் மோதியவனுக்குத் தழும்பு இருந்ததா? உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தெரியவில்லை. கண்ணை மூடினால் இப்போது நாலாம் நம்பர் படம்தான் வருகிறது. அந்த மூன்று விநாடி எங்கே போனது என்றே தெரியவில்லை. தேடத் தேட என் டச்சப்தான் கிடைக்கிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு கோப்புகளையும் தேர்ந்தெடுத்து, அழிக்கும் பொத்தானுக்கு மேல் விரலை வைத்தேன். பேப்பரில் பெயர் வந்தாயிற்று, இன்ஸ்பெக்டர் தோளில் கை போட்டாயிற்று, தெருவில் எல்லோரும் "கேமராக் கண்ணு" என்று கூப்பிடுகிறார்கள். இப்போது போய் நான் மூடன் என்று சொல்வதா? பொய்ச் சாட்சி சொன்னான் என்று என்னைத் தூக்கி உள்ளே போட்டால்?

உன் அண்ணி என் கையைப் பிடிக்கவில்லை. கதவோரம் நின்றுகொண்டு, "அந்தப் பொண்ணு மறுபடி வந்து கேட்டா என்ன சொல்லுவீங்க?" என்றாள். அவ்வளவுதான்.

விரலை எடுத்துவிட்டேன். இன்னும் ஐந்து நாள் இருக்கிறது. நான் என்ன செய்யட்டும்?

அண்ணன்


மார்ச் 19

அன்புள்ள அண்ணா,

உன் கடிதத்தை நடைபாதையில் நின்றே படித்தேன். டிசம்பர் 11 என்ற இடத்தில் நான் போட்ட சத்தத்தில் பயிற்சிக்காரர்கள் இரண்டு பேர் ஓடி வந்துவிட்டார்கள். "ஒண்ணுமில்ல, எங்கண்ணன் ஒரு குடையைக் கண்டுபிடிச்சிருக்கான்" என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித்தர மாட்டேன். எதை யாரிடம் சொல்லலாம் என்று மட்டும் சொல்கிறேன். அணிவகுப்புக்கு முன்னாலேயே, நடந்ததை எல்லாம் எழுதி மாஜிஸ்திரேட்டிடமும் இன்ஸ்பெக்டரிடமும் கொடு. இரண்டு கோப்புகளையும் தேதியோடு கொடு. வரிசையில் நிற்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மட்டும் இருந்துவிடாதே. நீ ஏற்கெனவே படத்தில் பார்த்துவிட்ட முகம் அது. பத்துப் பேரை நிறுத்தினாலும் நூறு பேரை நிறுத்தினாலும் உன் கண் அங்கேதான் போகும். "பார் பார், படத்திலும் காட்டினார், நேரிலும் காட்டினார், இரண்டு தடவை!" என்று எழுதுவார்கள். இரண்டு தடவை அல்ல அது. ஒரே தப்பின் இரண்டு நகல்.

உனக்குப் பயம் இருக்கும். இருக்கட்டும். தெரிந்துகொண்டே சொன்னால்தான் பொய்ச் சாட்சி. 4ஆம் தேதி உனக்குத் தெரியாது, இன்றைக்குத் தெரியும். 22ஆம் தேதி வாயை மூடிக்கொண்டு போய் நின்றால்தான் அது வேறு கதை.

உன் முதல் கடிதத்தின் மூலத்தை இத்துடன் அனுப்புகிறேன். உறையோடு, அஞ்சல் முத்திரையோடு இருக்கிறது. தழும்பைப் பற்றி யாரும் உன்னிடம் சொல்வதற்கு முன்னால் நீ எழுதியது. அந்த முகத்தைப் பற்றி தழும்புப் பேச்சு கலக்காமல் நீ எழுதியது உலகத்திலேயே இந்த ஒரு பக்கம்தான். மூன்று வருஷம் கழித்து வந்த கடிதம், திருப்பித் தர மனமில்லாமல்தான் தருகிறேன்.

அந்தப் பொத்தானைப் பற்றி நீ எழுதியிருக்கவே வேண்டாம். எழுதினாய் பார், அதைப் படித்த பிறகு எனக்கு உன் மேல் பாதிக் கோபம் போய்விட்டது. மீதிப் பாதி இருக்கிறது.

வாலு


மார்ச் 30

அன்புள்ள வாலு,

22ஆம் தேதி போய் எட்டு நாளாகியும் எழுதவில்லை என்று நீ தவித்திருப்பாய். முடிந்தபிறகு எழுதலாம் என்று இருந்தேன். முடிந்துவிட்டது! வெளியே வந்துவிட்டார்!

முதலிலிருந்து சொல்கிறேன். 21ஆம் தேதி இரண்டு படங்களையும் முழு அளவில் பிரிண்ட் போட்டு, உன் உறையையும் எடுத்துக்கொண்டு இன்ஸ்பெக்டரிடம் போனேன். படங்களைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி படங்களைப் பார்த்தார். "என்ன சார், விளையாடறீங்களா? நூத்துக்கு நூறுன்னீங்களே!" என்று மேஜையைத் தட்டினார். போன தடவை முதுகு, இந்தத் தடவை மேஜை. "நூத்துக்கு நூறுதான் சார். ஆனா நான் பார்த்தது நான் எடுத்த படத்தை" என்றேன்.

மறுநாள் மாஜிஸ்திரேட் அம்மா அணிவகுப்பை நிறுத்தி வைத்துவிட்டு, என்னைத் தனியாக உட்கார வைத்துக் கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். குடை, டேப், டச்சப், தழும்பு இருந்ததாக நானே நம்ப ஆரம்பித்தது, ஒன்று விடவில்லை. உன் கடிதங்களையும் கொடுத்தேன். நீதான் யார் கேட்டாலும் காட்டலாம் என்றாயே. "பளிங்கு மாதிரி" என்று நான் எழுதிய வரியை அவர் வாய்விட்டுப் படித்தார். பிறகு தழும்போடு இருக்கும் படத்தை அதற்குப் பக்கத்தில் வைத்தார்.

இன்னொன்று கேள். திருட்டு நடந்த அந்த நேரத்தில் மெக்கானிக் ஊரின் மறுகோடியில், வேறொரு கட்டடத்து லிஃப்ட் குழிக்குள் இருந்திருக்கிறார். வேலைப் பதிவேட்டில் நேரம் இருக்கிறது, கட்டடக் காவலாளியின் கையெழுத்தும் இருக்கிறது. முதல் நாளே அவர் அதைச் சொல்லியிருக்கிறார். யாரும் போய் விசாரிக்கவில்லை. கையெழுத்தை யார் வேணா போடலாம், கண்ணால் பார்த்த சாட்சி இருக்கிறதே என்று விட்டுவிட்டார்களாம். மாஜிஸ்திரேட் அம்மா சொல்லித்தான் இப்போது போய்ப் பார்த்தார்கள். காவலாளிக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த லிஃப்டில் அன்றைக்கு அவரும் மாட்டிக்கொண்டிருந்தாராம்! 27ஆம் தேதி விட்டுவிட்டார்கள்.

யார் வேணா போடலாம். இதே மாதிரி வசனத்தை எங்கேயோ கேட்டோமே என்று வீடு வரும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வந்தேன். அப்புறம் ஞாபகம் வந்தது, மாப்பிள்ளையின் டூட்டி அட்டவணையைப் பார்த்து நான் சொன்னது. நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டேன்.

உண்மைத் திருடன் இன்னும் வெளியேதான் திரிகிறான். நான் வேறு ஆளைக் காட்டியதில் அவனுக்கு இருபத்து நாலு நாள் லாபம். கடிகாரக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். "உங்களுக்காவது மூணு விநாடி, எனக்கு அதுவும் இல்லையேப்பா" என்று சிரித்தார். பேப்பர் துண்டை ஷோகேஸிலிருந்து உரித்துவிட்டேன். தெருவில் இப்போது என் பெயர் "டச்சப்". இன்ஸ்பெக்டர் இரண்டு நாள் முகம் கொடுக்கவில்லை. மூன்றாம் நாள் வந்து, கொஞ்சம் இழுத்து, "உங்க தங்கச்சி எழுதின அந்தக் கேள்விங்களை ஒரு ஜெராக்ஸ் குடுங்க சார்" என்றார். கொடுத்திருக்கிறேன். உன்னைக் கேட்காமல் கொடுத்தது தப்பானால் திட்டு.

நேற்று மத்தியானம் ஸ்டுடியோவில் தனியாக இருந்தேன். கதவு திறந்தது. மெக்கானிக். பின்னால் அவர் மனைவி, அதே சட்டையில். எனக்கு எழுந்து நிற்கவும் வரவில்லை, உட்காரவும் வரவில்லை. தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி திட்டட்டும், ஓங்கி இரண்டு அறை விடட்டும், வாங்கிக்கொள்வோம் என்று நின்றேன். அவர் நேராகப் போய் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஐடி கார்டை போலீஸ்ல எங்கேயோ தொலைச்சுட்டாங்க. கம்பெனில புதுப் படம் கேக்கறாங்க."

"வேற ஸ்டுடியோ இருக்கே தம்பி" என்றேன்.

"இருக்கு. ஆனா நீங்கதான் எடுக்கணும்னு இவ சொல்றா."

அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டே, "இந்தத் தடவை தழும்போட எடுங்க" என்றாள்.

எடுத்தேன் வாலு. பெரிதாக்கிப் பார்த்தேன். லிஃப்ட் கம்பி அறுந்து அடித்த தழும்பாம். புருவத்தில் ஆரம்பித்து, கன்னத்தில் மெலிந்து முடிகிறது. மவுஸ் என் கையிலேயே இருந்தது. ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. அந்த முகத்தை நான் நேற்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

அவர்கள் போனபிறகு ஷோகேஸ் முன்னால் போய் நின்றேன். நடுவில் மாப்பிள்ளையின் படம் இருக்கிறதே, உங்கள் கல்யாணத்துக்கு நான் எடுத்தது. உன்னோடு சண்டை போட்டும் அதை நான் எடுத்துவிடவில்லை. என் வேலையில் அவ்வளவு நல்ல படம் வேறு இல்லை. ஆறு வருஷமாகத் தினமும் கடை திறக்கும்போதும் மூடும்போதும் பார்க்கிற முகம். கிட்டே போய்ப் பார்த்தேன். இடது கன்னம் பளிங்கு மாதிரி இருக்கிறது.

அன்றைக்கு நீ கேட்ட கேள்வி ஞாபகம் இருக்கிறது. "கன்னத்துல மச்சம் இருந்துச்சா அண்ணா?" என்றாய். மாப்பிள்ளைக்கு ஒரு மிளகு அளவு மச்சம், யாருக்கும் முதலில் அதுதான் தெரியும்; படத்தில் அதையும் நான்தான் துடைத்திருக்கிறேன். நான் பதில் சொல்லாமல் கத்தினேன். மூன்று வருஷம் கழித்துச் சொல்கிறேன். இல்லை. பஸ் ஸ்டாண்டில் நான் பார்த்த ஆளுக்கு மச்சம் இல்லை. அது அன்றைக்கே எனக்குத் தெரியும். நாலு பேர் முன்னால் சொன்னதைத் திரும்ப வாங்க வாய் வரவில்லை, அவ்வளவுதான். மாப்பிள்ளையிடம் நானே சொல்கிறேன், நீ சொல்ல வேண்டாம்.

படத்தை ஷோகேஸிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த இடம் காலியாக இருக்கிறது. குடைக்குப் புதுத் துணி மாற்றியாயிற்று. அவரைக் கூட்டிக்கொண்டு வா. மச்சத்தோடு எடுக்கிறேன்.

உன் அண்ணன்